74 வயசு அம்மாவுக்கு தோள்பட்டை மூட்டு மாத்தணும்கிறாங்க. செஞ்சவங்க 7, 8 வருஷம் கழிச்சு எப்படி இருக்காங்க?

காவேரிக்கரை (ஸ்ரீரங்கம்):

எல்லாருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 74 வயசு, வலது தோள்பட்டை நாலு வருஷமா வலி. முதல்ல ப்ரோசன் ஷோல்டர்னு சொல்லி பிசியோ போனோம், சுகர் இருக்கு அதனாலதான்னாங்க, ரெண்டு தடவை ஊசி போட்டாங்க, ஒவ்வொரு தடவையும் ஒரு ரெண்டு மாசம் தாங்குச்சு, அப்புறம் பழையபடிதான். போன மாசம் எம்ஆர்ஐ எடுத்ததுல ரெண்டு ஜவ்வு முழுசா அறுந்து சுருங்கிப் போச்சு, கை எலும்போட பந்து மேல்பக்கமா ஏறி உட்கார்ந்திருக்கு, தேய்மானமும் இருக்கு, இனிமே தைக்க முடியாது, ரிவர்ஸ் ஷோல்டர் ரீப்ளேஸ்மென்ட்தான் வழின்னு டாக்டர் சொல்லிட்டார்.

இப்ப அம்மாவால வலது கையை தானா தூக்க முடியல. சாப்பிடும்போது இடது கையால வலது முழங்கையைத் தாங்கிப் பிடிச்சு வாய்கிட்ட கொண்டு போறாங்க. அதை யாரும் பார்க்கக் கூடாதுன்னு நாங்க எல்லாரும் சாப்பிட்டு எழுந்தப்புறம்தான் உட்கார்றாங்க, நானே இதை இந்தப் பொங்கலுக்குத்தான் பார்த்தேன். ராத்திரி ரெண்டு மணிக்கு ஹால்ல சேர்ல உட்கார்ந்திருப்பாங்க, கேட்டா தூக்கம் வரலைம்பாங்க, வலின்னு வாயால சொல்ல மாட்டாங்க.

அண்ணன் வேண்டாங்கிறான். முட்டி மாத்தினவங்க தெருவுக்கு நாலு பேர் இருக்காங்க, தோள் மாத்தினவங்க ஒருத்தரையாவது பார்த்திருக்கியா, புதுசா வந்ததை நம்ம அம்மா மேல பரிசோதனை பண்ணிப் பார்க்கிறாங்க, இந்த வயசுக்கு மேல எதுக்குன்னு கேக்கிறான். எனக்கு பதில் சொல்லத் தெரியல.

இந்த மூட்டு எத்தனை வருஷம் வரும்? செஞ்சு 7, 8, 10 வருஷம் ஆனவங்க இருந்தா சொல்லுங்க. மூணாவது மாசம் கையைத் தூக்கிக் காட்டுற வீடியோ நிறைய பார்த்துட்டேன், அதுக்கு அப்புறம் அவங்க எப்படி இருக்காங்கன்னு யாருமே சொல்றதில்ல.

நெல்லை பிசியோ:

சிஸ்டர், 16 வருஷமா இந்த வேலையில இருக்கேன், தோள் மாத்தினவங்க கொஞ்சப் பேரை கையால தொட்டுப் பார்த்திருக்கேன், அதனால சொல்லுதேன். முதல்ல இதுல ரெண்டு வகை இருக்கு, ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் கொழப்பிக்காதீங்க. சாதாரண மாத்துல பந்து இருந்த இடத்துல பந்து, கிண்ணம் இருந்த இடத்துல கிண்ணம். அது வேலை செய்யணும்னா சுத்தியிருக்க ஜவ்வு நல்லா இருக்கணும். உங்க அம்மாவுக்கு அதுதான் போயிட்டே.

கையைத் தூக்குற பெரிய சதை தோளுக்கு வெளிய இருக்கு, டெல்டாய்ட்னு சொல்லுவோம். அது இழுக்கும்போது பந்து மேல ஓடாம அமுக்கிப் பிடிக்கிறதுதான் உள்ள இருக்க ஜவ்வோட வேலை. அது அறுந்துட்டா டெல்டாய்ட் இழுக்க இழுக்க பந்து மேல போய் எலும்புல முட்டும், கை எந்திரிக்காது. ரிவர்ஸ்ல என்ன பண்ணுதாங்கன்னா பந்தைக் கொண்டு போய் தோள்பட்டை எலும்புப் பக்கம் ஸ்க்ரூ போட்டு வைக்காங்க, கிண்ணத்தைக் கை எலும்பு மேல வைக்காங்க, அப்படியே தலைகீழ். அப்ப கை சுத்துற மையம் உள்ளயும் கீழயும் நகர்ந்துரும். ஏத்தம் இறைக்கிறதுல தாங்குற காலை இடம் மாத்தினா அதே ஆளுக்கு கனம் தெரியாதுல்ல, அது மாதிரிதான், ஜவ்வே இல்லாட்டாலும் டெல்டாய்ட் ஒண்ணே கையைத் தூக்கிரும். அதனாலதான் டாக்டர் உங்க அம்மாவுக்கு ரிவர்ஸ்னு சொல்லியிருக்காங்க, அது சரியான பேச்சுதான்.

நான் பார்த்த வரைக்கும் வலி போறதுல பெரும்பாலான பேருக்கு சந்தோசம்தான், முன்னாடி பக்கம் கை நல்லா எந்திரிக்கும். முதுகுக்குப் பின்னாடி கை போறதுதான் பிரச்சினை. அதை யாரும் முன்கூட்டியே சொல்றதில்ல, எங்ககிட்ட வந்து நிக்கும்போதுதான் அழுதுகிட்டே கேக்காங்க.

சிங்காநல்லூர் சிவா:

எங்கப்பாவுக்கு 2013ல பண்ணோமுங்க, அப்ப 66 வயசு. அது ரிவர்ஸ் இல்லீங்க, சாதாரண மாத்து, தேய்மானம் மட்டுந்தான் இருந்துச்சு, ஜவ்வு நல்லாருக்குன்னாங்க. எட்டு வருசம் சொன்னா நம்பமாட்டீங்க, தோட்டத்துல மம்பட்டி பிடிக்காதீங்கன்னு நாங்க தான் சண்டை போட்டுட்டு இருந்தோம். அப்புறம் 2021 கடைசில மறுபடி வலி, கை பாதிக்கு மேல போகல. பார்த்தா ஜவ்வு வயசுல தானா கிழிஞ்சு போச்சு, உள்ள இருந்த பிளாஸ்டிக் கிண்ணமும் லூசாயிருச்சு. 2022ல எல்லாம் கழட்டிட்டு ரிவர்ஸ் வெச்சாங்க. ரெண்டாவது ஆபரேஷன் முதல்ல மாதிரி இல்லீங்க, அஞ்சு மணி நேரம் ஆச்சு, ரத்தம் ஏத்துனாங்க, பழைய மூட்டோட தண்டுப் பகுதியை எலும்புக்குள்ள இருந்து எடுக்கறதுக்கே பெரும்பாடு. இப்ப வலி இல்ல, தலை வாரிக்குவாரு, அவ்வளவுதாங்க. முதல் தடவை வந்த பலம் ரெண்டாவது தடவை வரல. எங்களுக்கு யாராச்சும் அன்னைக்கே வயசாக வயசாக அந்த ஜவ்வு போகும்னு சொல்லியிருந்தா மம்பட்டியைப் பிடுங்கி வெச்சிருப்பேன், இன்னைக்கும் அது மனசுல உறுத்துது.

மருத்துவப் பிஜி:

ஆர்த்தோ கடைசி வருஷம் படிக்கிறேன். அண்ணன் சொன்னதுக்கு முதல்ல பதில், புதுசு கிடையாது. 1893லேயே பாரிஸ்ல பெயான்னு ஒரு சர்ஜன் காசநோய் வந்த தோளுக்கு பிளாட்டினமும் ரப்பரும் வச்சு மூட்டு பண்ணினார், நோயாளி ரொட்டி சுடுறவர். அது தொத்தால ரெண்டு வருஷத்துல எடுக்க வேண்டி வந்துச்சு. ரிவர்ஸ் இன்னைக்கு இருக்க வடிவத்துக்கு அடிப்படை போட்டவர் பிரான்ஸ்ல டிஜோன் ஊர்ல இருந்த பால் கிராமான், 1985. அமெரிக்கால 2003ல அனுமதி கிடைச்சுது. ஆக இது 40 வருஷத்து சமாச்சாரம்.

எத்தனை வருஷம் வரும்கிறதுக்கு: 2020ல லான்செட் ருமட்டாலஜிங்கிற மருத்துவ இதழ்ல பத்து வருஷத்துக்கு மேல தொடர்ந்து பார்த்த ஆய்வுகளையும் தேசியப் பதிவேடுகளையும் சேர்த்துப் பார்த்து எழுதினாங்க, நூத்துக்கு சுமார் 90 மூட்டு பத்து வருஷத்தைத் தாண்டி ஓடுது. ரிவர்ஸ் மட்டும்னு பார்த்தா பிரான்ஸ்ல சராசரியா 150 மாசம், அதாவது பன்னெண்டரை வருஷம், தொடர்ந்து பார்த்து 2017ல எழுதினாங்க, அதுலயும் பத்து வருஷத்துல 93 சதவீதம் மூட்டு உள்ள அப்படியே இருந்துச்சு. ஆனா அதே ஆய்வுல கையோட வேலைத்திறன் முதல் சில வருஷம் இருந்த அளவுக்கு கடைசியில இல்ல, இறங்கியிருந்துச்சு. மூட்டு தாங்குது, சதை வயசாகுது.

அப்புறம் இங்கிலாந்துல 1998லேர்ந்து 2017 வரைக்கும் முன்கூட்டியே திட்டமிட்டு செஞ்ச 58,054 தோள் மூட்டு ஆபரேஷனை வச்சு பிஎம்ஜேங்கிற மருத்துவ இதழ்ல 2019ல ஒரு ஆய்வு வந்துச்சு. வாழ்நாள்ல திரும்ப ஆபரேஷன் பண்ண வேண்டி வர்ற வாய்ப்பு 55லேர்ந்து 59 வயசு ஆம்பளைங்களுக்கு நாலுல ஒருத்தர், 85 தாண்டின பொம்பளைங்களுக்கு 37ல ஒருத்தர். சிவா அப்பா 66ல பண்ணினவர், உழைக்கிற கை, அவருக்கு நடந்தது இந்தக் கணக்குக்குள்ள வர்றதுதான். வயசாயிருச்சு எதுக்குன்னு கேட்கிறதுக்கு நேர் எதிரா இருக்கு பாருங்க, மூட்டு தேயுற கணக்குல மட்டும் பார்த்தா வயசானவங்களுக்குத்தான் அது கடைசி வரைக்கும் வரும். வயசானவங்களுக்கு ஆபத்து வேற இடத்துல. மாரடைப்பு, நுரையீரல்ல ரத்தக்கட்டி அடைக்கிறது, நிமோனியா மாதிரி பெரிய சிக்கல், மொத்தமா எல்லா வயசும் சேர்த்து முதல் 90 நாள்ல 22 பேர்ல ஒருத்தருக்கு வந்துச்சு, வயசு ஏற ஏற அது கூடுது. அம்மாவுக்கு சுகர் எவ்வளவு, இதயம் எப்படி, எக்கோ பார்த்தாச்சா, அதுதான் முதல்ல கேட்க வேண்டியது.

காவேரிக்கரை (ஸ்ரீரங்கம்):

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அண்ணனுக்கு இதை அப்படியே படிச்சுக் காட்டினேன், 22ல ஒருத்தர்ங்கிறதை மட்டும் பிடிச்சுகிட்டான். சுகர் மூணு மாச சராசரி 8.9 இருக்கு. எக்கோ எடுக்கல. அம்மா பக்கத்துல உட்கார்ந்து கேட்டுட்டு ஒண்ணே ஒண்ணு சொன்னாங்க, "எனக்கு கோபுரத்தைப் பார்த்து ரெண்டு கையும் தூக்கிக் கும்பிடணும், அது வருமான்னு கேளு." யாராவது தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மதுரை டீச்சர்:

அம்மாடி, நான் ரிட்டயர்டு டீச்சர், எனக்கு 79 வயசு. நானே செஞ்சுகிட்டவ, 2016ல, இடது தோள், ரிவர்ஸ். உங்க அம்மா கேட்டதுக்கு முதல்ல சொல்றேன், கும்பிடலாம். நான் மீனாட்சி கோயில் கோபுரத்தைப் பார்த்து கும்பிடுறேன். முன்ன நல்லா உசரப் போகும், இப்ப ரெண்டு வருஷமா தலை உச்சி வரைக்கும்தான் போகுது, அது போதும் எனக்கு.

செஞ்ச அன்னிக்கு ராத்திரி வலி இருந்துச்சு, ஆனா அது வேற வலி, வெட்டுன வலி. அந்தக் குடையுற வலி, எலும்புக்குள்ள கரையான் ஓடுற மாதிரி இருக்குமே அது, கண்ணு முழிச்சப்பவே இல்ல. இந்த ஒன்பது வருஷத்துல தோள் வலின்னு ஒரு மாத்திரை போட்டதில்ல. இதை உங்க அண்ணன்கிட்ட சொல்லுங்க.

இப்ப யாரும் எழுதாத ஒண்ணை எழுதுறேன், வெக்கப்பட்டு இத்தனை வருஷம் யார்கிட்டயும் சொன்னதில்ல. செய்யறதுக்கு முன்னாடி எல்லாரும் என்ன சொன்னாங்கன்னா, இடது கைதானே டீச்சர், சாப்பிடுற கை, எழுதுற கை நல்லா இருக்குல்ல, பரவாயில்லன்னாங்க. டாக்டர், நர்ஸ், என் மகன், ஒருத்தரும் பாத்ரூம் பத்திப் பேசல. நமக்கு கால் கழுவுற கை எது? இடது கை. அது பின்னாடி போகணும். ரிவர்ஸ் செஞ்சா அந்த கை பின்னாடி போகாது, முதல்ல போகவே கூடாது, மூட்டு கழண்டுக்கும்னு ஆறு வாரம் கட்டுல வச்சிருந்தாங்க. என் மருமக தங்கமான பொண்ணு, ஆனா அதுக்குப் போய் அவளைக் கூப்பிட எனக்கு வாய் வரல. சாப்பாட்டைக் குறைச்சேன், தண்ணியைக் குறைச்சேன், நாலாவது நாள் மலம் இறுகி நரக வேதனை. வலது கையால கழுவலாம்னா அந்தக் கையாலயே சாப்பிடணுமேன்னு மனசு ஒப்பல, 70 வருஷத்துப் பழக்கம், அதை ஒரு நாள்ல மாத்திக்க முடியுமா. கடைசியில மருமகளே புரிஞ்சுகிட்டு, என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம, பிளம்பரைக் கூட்டிட்டு வந்து கமோடுக்குள்ளயே தண்ணி பீச்சுற குழாய் வச்சு, திருகுற பிடியை வலது பக்கம் மாட்டி விட்டா. அன்னிக்கு அழுதேன். ஆபரேஷனுக்கு முன்னாடியே அதை வச்சிருந்தா அந்த நாலு நாள் எனக்கு வந்திருக்காது.

ஒன்பது வருஷம் கழிச்சும் இடது கை இடுப்புப் பக்கவாட்டு வரைக்கும்தான் போகுது. கொண்டை போட முடியாது, பின்னலும் வராது, கிளிப் மாட்டிக்கிறேன். ஜாக்கெட் முன்பக்கம் ஹூக் வச்சுத் தைக்கிறேன். புடவைக் கொசுவம் முன்னாடி சொருகுறது பிரச்சினை இல்ல, முந்தியை பின்னாடி இழுத்து விடுறதுக்கு மட்டும் யாராவது வேணும்.

உங்க அம்மாவுக்கு வலது கைன்னீங்க. அப்ப கழுவுற கை தப்பிச்சுது. சாப்பிடுறதுக்கும், தலை வாரவும், அடுப்புல கிண்டவும் கை முன்னாடிதான் போகணும், அதெல்லாம் வரும்.

நெல்லை பிசியோ:

டீச்சரம்மா, நீங்க எழுதினதை பிரிண்ட் எடுத்து எங்க டிபார்ட்மென்ட்ல வைக்கப் போறேன். எங்க படிப்புல உள்பக்கம் திருப்புறது குறையும்னு ஒத்த வரியில போயிரும், அது ஒரு மனுசருக்கு என்னன்னு இப்பத்தான் எனக்கே முழுசாப் புரியுது. இனிமே கைக்கட்டு எப்படிப் போடணும்னு சொல்லிக் குடுக்கறதுக்கு முன்னாடி, வீட்டுல எந்த டாய்லெட், குழாய் எந்தப் பக்கம்னு கேட்பேன்.

ஹாரோ வாசி:

வணக்கம், நான் லண்டன் ஹாரோவில இருக்கிறன், ஊர் யாழ்ப்பாணம். எங்கட மாமிக்கு 78 வயசில படியில விழுந்து தோள் எலும்பு முறிஞ்சது, மூண்டு துண்டு. நாங்கள் எல்லாரும் உடன மூட்டு மாத்தப் போயினம் எண்டு நினைச்சம், இவையள் என்னெண்டா கையைக் கட்டிப் போட்டு வீட்ட அனுப்பிச்சினம். எனக்கு சரியான கோவம், வயசு போனவ எண்டு கவனிக்கேல்ல எண்டு சண்டையும் பிடிச்சன். பிறகு ஒரு தமிழ் டொக்டர்தான் இருத்தி வைச்சு விளங்கப்படுத்தினவர், இங்க 250 பேரை வைச்சுப் பெரிய ஆய்வு செய்தவையாம், ப்ரொஃபர் எண்டு பேர், 2015ல வந்தது, இடம் மாறி முறிஞ்ச தோளுக்கு ஆபரேசன் செய்த ஆக்களும் செய்யாத ஆக்களும் ரெண்டு வருசம் கழிச்சு ஒரே மாதிரித்தான் இருந்தவையாம். மாமிக்கு இப்ப நாலு வருசம், கை தோள் மட்டத்துக்கு உயரும், அதுக்கு மேல ஏலாது, நோ இல்லை. அதால முறிவுக்கு ஆராவது உடன மூட்டு மாத்தச் சொன்னா கொஞ்சம் நிண்டு கேளுங்கோ.

மருத்துவப் பிஜி:

ஹாரோ அண்ணா சொன்னது சரி, ஒண்ணு மட்டும் சேர்த்துக்கிறேன். அந்த ஆய்வுல ஆபரேஷன்னா பெரும்பாலும் முறிஞ்ச எலும்பைச் சேர்த்துப் பிடிக்க பிளேட் வச்சது, கொஞ்சப் பேருக்கு பந்தை மட்டும் மாத்துற பாதி மூட்டு. ரிவர்ஸ் அதுல ஒப்பிடல. நார்வேல டெல்ஃபின்னு இன்னொரு ஆய்வு, 65லேர்ந்து 85 வயசு வரைக்கும் 124 பேர், மோசமா நொறுங்கின தோள், பாதிப் பேருக்கு பிளேட், பாதிப் பேருக்கு ரிவர்ஸ். ரெண்டு வருஷத்துல தோள் எப்படி இருக்குன்னு போட்ட மார்க்ல நூத்துக்கு ரிவர்ஸ்காரங்க 68, பிளேட்காரங்க 54.6. ஆக வயசானவங்களுக்கு நொறுங்கிப் போய் ஆபரேஷன் பண்ணியே ஆகணும்னு ஆனா பிளேட்டை விட ரிவர்ஸ் மேல, பண்ணாம விடலாமாங்கிறது தனிக் கேள்வி. காவேரிக்கரை அம்மாவுக்கு இது முறிவு இல்ல, நாலு வருஷமா காத்திருந்து பார்த்தாச்சு, அதனால இந்தக் கணக்கு அவங்களுக்கு வராது.

செங்குன்றம் சேகர்:

எதுக்குங்க இவ்வளவு யோசனை, புத்தூர் கட்டு போட்டுப் பாருங்க, எங்க சித்தப்பாவுக்கு கை முறிஞ்சது ஒரே மாசத்துல கூடிருச்சு.

நெல்லை பிசியோ:

சேகர் அண்ணே, முறிஞ்ச எலும்பு அசையாம வச்சா தானா கூடும், உங்க சித்தப்பாவுக்கு கூடினது சந்தோசம். இவங்க அம்மாவுக்கு எலும்பு முறியல, ஜவ்வு அறுந்து சுருங்கி சதையே கொழுப்பா மாறியிருக்கும், அதை எந்தக் கட்டும் இழுத்துச் சேர்க்காது. கட்டுப் போட்டா இருக்க அசைவும் இறுகிப் போகும், தயவு செஞ்சு வேண்டாம்.

தஞ்சை வடக்கு வீதி:

நல்ல கதை நிறைய வந்துட்டுது, எங்க அம்மா கதையையும் கேட்டுட்டு முடிவு பண்ணுங்க. அம்மாவுக்கு 77 வயசுல 2021ல ரிவர்ஸ் பண்ணினோம். முதல் வருஷம் பிரமாதம். பதினாலாவது மாசம் மந்தமா ஒரு வலி ஆரம்பிச்சுது, காய்ச்சல் இல்ல, வீக்கம் இல்ல, சீழ் இல்ல. செஞ்ச இடத்துக்கே போனோம், ரத்த டெஸ்ட் நார்மல், சதை வலி, பிசியோ பண்ணுங்கன்னாங்க. அஞ்சு மாசம் பிசியோ பண்ணினோம், வலி கூடிகிட்டே போச்சு. ஒவ்வொரு தடவையும் அதே பதில், அம்மா சும்மா சொல்றாங்கங்கிற மாதிரி ஒரு பார்வை. வேற ஊருக்குக் கூட்டிட்டுப் போனோம், அவங்க மூட்டுக்குள்ள இருந்து நாலஞ்சு இடத்துல சதை எடுத்து, கிருமி வளருதான்னு பார்க்கிற கல்ச்சர் டெஸ்டுக்கு அனுப்பி, ரெண்டு வாரம் வச்சுப் பார்க்கணும்னாங்க. பதினோராவது நாள்தான் கிருமி வளர்ந்துச்சு. அஞ்சு நாள்ல ரிப்போர்ட் குடுத்திருந்தா இல்லைன்னே வந்திருக்கும்.

மூட்டைக் கழட்டி மருந்து கலந்த சிமெண்ட் பந்து வச்சு, மூணு மாசம் கழிச்சு புது மூட்டு. அந்த மூணு மாசம் அம்மா கை தோள்ல தொங்கிகிட்டு மட்டும் இருந்துச்சு, ஒரு பாத்திரத்தைக் கூட நகர்த்த முடியாது. இப்ப கை நெஞ்சு வரைக்கும் வருது, அம்மா போதும்னுட்டாங்க. ஆபரேஷன் தப்புன்னு நான் சொல்ல வரல. வலி திரும்ப வந்தா காய்ச்சல் இல்லைன்னு விட்டுறாதீங்க, வயசானவங்க சொல்ற வலியை நம்புங்க.

மருத்துவப் பிஜி:

ரொம்ப வருத்தமா இருக்கு அண்ணா. அந்தக் கிருமி க்யூட்டிபாக்டீரியம் ஆக்னஸா இருக்கும்னு நினைக்கிறேன், முகப்பருவுக்குள்ள இருக்குமே அதே கிருமிதான். எல்லாருக்கும் தோள், அக்குள் தோல்ல எண்ணெய்ச் சுரப்பிக்குள்ளயே வாழுது, அதனால வெளிய துடைச்சா போகாது. ரொம்ப மெதுவா வளரும், சீழ் பிடிக்காது, காய்ச்சல் தராது, ரத்தத்துல ஒண்ணும் காட்டாது, அதனாலதான் ஏமாத்திடுது. கல்ச்சர் 14 நாள் வச்சுப் பார்க்கணும். ஆபரேஷனுக்கு முன்னாடி சில நாள் பென்சாயில் பெராக்ஸைடு தோள்ல தடவினா தோல்ல இருக்க கிருமி எண்ணிக்கை குறையுதுன்னு பார்த்திருக்காங்க, முகப்பருவுக்குத் தடவுற அதே ஜெல்தான், உங்க டாக்டர்கிட்ட கேளுங்க. சுகர் 8.9 இருக்கும்போது அவசரமே வேண்டாம், முதல்ல அதை இறக்குங்க, இந்த ஆபரேஷன் ரெண்டு மாசம் தள்ளிப் போனா கெட்டுப் போற ஆபரேஷன் கிடையாது.

இன்னொண்ணு, கழுத்துப் பக்கம் ஊசி போட்டு கை மரத்துப் போக வைப்பாங்க, அப்ப அந்தப் பக்கத்து உதரவிதானமும் சில மணி நேரம் வேலை செய்யாது, மூச்சு கொஞ்சம் குறைவா இருக்க மாதிரி தெரியும், குரல் கரகரக்கும், கண் இமை லேசா இறங்கும். சரியாயிரும். ஆனா அம்மாவுக்கு மூச்சு இழுப்பு இருந்தா மயக்க மருந்து டாக்டர்கிட்ட முன்கூட்டியே சொல்லிடுங்க.

காவேரிக்கரை (ஸ்ரீரங்கம்):

தஞ்சை அண்ணா, நீங்க எழுதினதைப் படிச்சுட்டு ரெண்டு நாள் எனக்குத் தூக்கமே இல்ல, ஆனாலும் எழுதினதுக்கு நன்றி. நேத்து டாக்டர்கிட்ட போனோம், அண்ணனும் வந்தான். எந்தக் கம்பெனி மூட்டு, எத்தனை தோள் பண்ணியிருக்கீங்க, தொத்து வந்தா என்ன பண்ணுவீங்க, எல்லாம் கேட்டேன், அவர் கோபப்படல, ஒவ்வொண்ணுக்கும் பதில் சொன்னார். சுகர் 7.5க்குக் கீழ வந்தா தேதி தர்றேன்னார். எலும்பு அடர்த்தி பார்க்கச் சொன்னார், பார்த்தா ரொம்பக் குறைவா இருக்கு, அதுக்கு தனியா மருந்து ஆரம்பிச்சாச்சு. அண்ணன் திரும்பி வரும்போது கார்ல ஒரு வார்த்தை பேசல, வீட்டுக்கு வந்து அம்மா சாப்பிடும்போது பக்கத்துல போய் உட்கார்ந்தான். அம்மா மறைக்கப் பார்த்தாங்க, அவன் எழுந்திருக்கல. அப்புறம் என்கிட்ட வந்து "தேதி வாங்கு"ன்னான்.

நெல்லை பிசியோ:

நல்லது சிஸ்டர். எலும்பு மெலிஞ்சவங்களுக்கு இன்னொரு விசயம், செஞ்சு சில மாசம் கழிச்சு தோள் மேட்டுல, சட்டைத் தோள் தையல் வர்ற இடத்துல, திடீர்னு சுள்ளுன்னு வலி வந்து கை எந்திரிக்காமப் போனா அங்க மயிர்க்கோடு மாதிரி எலும்பு விட்டிருக்கலாம். டெல்டாய்ட் மொத்த பாரத்தையும் அங்கதான் போட்டு இழுக்கு. எக்ஸ்ரேல சில சமயம் தெரியாது, சிடி எடுத்தாத்தான் தெரியும். அப்படி வந்தா பயிற்சியை நிப்பாட்டிட்டு ஓடுங்க.

வீட்டுல இப்பவே செய்ய வேண்டியது. அம்மா தரையில உட்கார்ற பழக்கமா? இனிமே கூடாது. தரையிலருந்தோ தாழ்ந்த சேர்லருந்தோ கையை ஊன்றி எந்திரிக்கிறதுதான் ரிவர்ஸ் மூட்டு கழண்டுக்கிற முதல் வழி, கை உடம்போட ஒட்டிப் பின்னாடி போய் பாரம் விழுற அந்த நிலை. உசரமான சேர் வாங்குங்க, இடது பக்கம் மட்டும் ஊன்றி எந்திரிக்க ஒரு வாரம் பழக்குங்க. முட்டி வலி இருந்து வாக்கர் வச்சு நடக்காங்கன்னா அதையும் டாக்டர்கிட்ட சொல்லணும். படுக்கும்போது வலது முழங்கைக்குக் கீழ தலைகாணி வச்சு, படுத்தபடியே குனிஞ்சு பார்த்தா அம்மாவுக்கு அவங்க முழங்கை கண்ணுக்குத் தெரியணும். தெரியலைன்னா கை பின்னாடி சாஞ்சிருக்குன்னு அர்த்தம். இந்த ஒண்ணை மட்டும் மறக்காதீங்க.

காவேரிக்கரை (ஸ்ரீரங்கம்):

கொஞ்ச மாசம் கழிச்சு வர்றேன், மன்னிச்சுக்கோங்க. சுகர் 7.2க்கு வந்தப்புறம் ஆபரேஷன் ஆச்சு, இன்னியோட நாலரை மாசம். முதல் ரெண்டு வாரம் ரொம்பக் கஷ்டம், ஹால்ல சாய்வு நாற்காலிலதான் தூங்கினாங்க, நெல்லை அண்ணன் சொன்ன மாதிரி ராத்திரி எழுந்து எழுந்து "முழங்கை தெரியுதாம்மா"ன்னு கேட்டேன், ஒரு நாள் "தெரியுதுடி, நீ போய் தூங்கு"ன்னு சத்தம் போட்டாங்க. மூணாவது மாசத்துக்கு மேல ராத்திரி ஹால்ல லைட்டு எரியறதில்ல.

இப்ப தானா சாப்பிடுறாங்க, எங்களோட பந்தியில. இன்னும் கை லேசா நடுங்குது, ரசம் சாதம்னா கொஞ்சம் சிந்துது. வெள்ளிக்கிழமை ராஜகோபுரம் வரைக்கும் கூட்டிட்டுப் போனோம். வலது கை நெத்தி வரைக்கும் வந்துச்சு, இடது கையை அதுக்கு ஏத்த மாதிரி இறக்கி வச்சு ரெண்டையும் சேர்த்தாங்க. கொண்டை வரல. டீச்சரம்மா, முன்பக்க ஹூக் வச்சுத் தைக்கும்போது கை நுழைக்கிறதுக்கு அக்குள்ல எவ்வளவு லூஸ் விடச் சொல்லணும்? அம்மா கேக்கச் சொன்னாங்க.

மதுரை டீச்சர்:

படிச்சதும் கண்ணு கலங்கிருச்சு. அம்மாவைக் கேட்டதா சொல்லுங்க. அக்குள் சுத்து வழக்கத்தை விட ரெண்டு விரல்கட்டை கூட விடச் சொல்லுங்க, கை நீளம் முழங்கைக்கு மேல நிறுத்தச் சொல்லுங்க, போடும்போது செஞ்ச கையை முதல்ல நுழைக்கணும், கழட்டும்போது அந்தக் கை கடைசி. வருஷா வருஷம் எக்ஸ்ரே எடுக்கிறதை நிறுத்தாதீங்க, வலி இல்லைன்னாலும். எனக்கு எட்டாவது வருஷம் எடுத்ததுலதான் தோள் எலும்போட கீழ் ஓரத்துல லேசா அரிச்சிருக்குன்னு தெரிஞ்சுது, இப்ப ஆறு மாசத்துக்கு ஒரு தடவை பார்த்துகிட்டு இருக்காங்க.

குமரி மழை:

இந்த இழையை முழுசாப் படிச்சேன். எங்க அப்பாவுக்கு 81 வயசு, நாகர்கோவில்ல டாக்டர் இதே ஆபரேஷன் சொல்லியிருக்கார். சுகர் இல்ல, இதயம் நல்லா இருக்குன்னு சொல்லிட்டாங்க. பண்ணலாமா?

மதுரை டீச்சர்:

தம்பி, எந்தக் கைன்னு எழுதலையே. வீட்டுல எந்த டாய்லெட்?